வீட்டுக் கணினியைப் புழுக்களிடமிருந்து காப்பது: அப்டேட் செய்யும் சரியான வரிசை

"கண்ட லிங்க்கை எல்லாம் நான் அமுக்குவதே இல்லை, எனக்கு எப்படி வரும்?" கணினிப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே வந்துவிழும் கேள்வி இது. மோசடி மின்னஞ்சலுக்கு அந்த எச்சரிக்கை போதும். யார் உதவியும் இல்லாமல் கணினி விட்டுக் கணினி தானே பரவும் தீங்கு நிரலான புழுவுக்குப் போதாது. புழு யாரும் எதையும் அமுக்கும்வரை காத்திருப்பதில்லை.

புளோக்கில் ஒருவன் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? புழுவின் வேலை அதுதான். நெட்வொர்க்கில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டும். விண்டோஸின் ஏதோ ஒரு சேவையில் ஓட்டை இருந்தால் உள்ளே நுழையும். நுழைந்த கணினியிலிருந்து அடுத்ததைத் தட்டத் தொடங்கும். அந்த ஓட்டையை அடைப்பது இயங்குதள அப்டேட் ஒன்றுதான். ஆன்டிவைரஸ் அதற்குத் துணை, மாற்று அல்ல.

அப்டேட் பொத்தானை அழுத்துவது சுலபம். எதற்கு முன் எதைச் செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். பெரும்பகுதி விண்டோஸ் பற்றியது. மற்ற சாதனங்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி உண்டு.

1. உங்கள் விண்டோஸுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா?

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் விண்டோஸின் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஆதரவு முடிந்த பதிப்பில் எத்தனை முறை தேடினாலும் "எல்லாம் சரியாக உள்ளது" என்பதுபோல் ஒரு பச்சைக்குறி வந்து உங்களை ஏமாற்றக்கூடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். சேர்வதற்குக் கணினியில் 22எச்2 பதிப்பும், உங்களுக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். இது தவணை வாங்குவதுதான், தீர்வல்ல.

விண்டோஸ் 11 என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம் பிரிவில் 24 மாத ஆயுள்தான். 23எச்2 பதிப்புக்கு 2025 நவம்பர் 11இல் ஆதரவு முடிந்தது. 'அபவுட்' பக்கத்தில் அந்த எண்ணோ அதற்கு முந்தியதோ இருந்தால் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினியிலும் குறுக்கு வழியில் அதை நிறுவிவிடலாம். விற்பவர் "விண்டோஸ் 11 போட்டாச்சு" என்பார். பொய் இல்லைதான். ஆனால் அடுத்த பெரிய பதிப்பு அந்தக் கணினிக்குத் தானாக வராமல் போகும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சார்ஜர். அப்டேட் பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் விண்டோஸே ஏறாமல் போகலாம். சொருகி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியிடம். பெரிய அப்டேட், பழைய கோப்புகளை ஒரு பிரதி வைத்துக்கொண்டுதான் புதியதை நிறுவும். இடம் போதாவிட்டால் 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். எல்லாமே குப்பை என்று நினைத்து அதையும் டிக் செய்பவர்கள் பிள்ளையின் சான்றிதழ், வாட்ஸ்அப்பில் இறக்கிய படங்கள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். அந்த வரியை மட்டும் தொடாதீர்கள்.

பிட்லாக்கர் மீட்புக் குறியீடு. புதிய லேப்டாப்கள் பலவற்றில் வன்தட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் வந்தபின் நீலத்திரையில் 48 இலக்கக் குறியீடு கேட்டால் அப்போதுதான் தெரியவரும். அதன் பிரதி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே கணக்கைத் திறந்து குறியீட்டைத் தாளில் எழுதிவையுங்கள். கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் அதை மீட்கும் நேரமும் இதுதான்.

கடைசியாக ஒரு பேக்கப். வெளி வன்தட்டில் பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை போன்ற புழு, சொருகியிருக்கும் வன்தட்டில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். எப்போதும் சொருகியே இருக்கும் பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

3. வைஃபையில் சேர்க்கும் முன் ஃபயர்வால்

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய்வந்த லேப்டாப், பல மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப், புதிதாக வாங்கிய பழைய லேப்டாப் ஆகிய மூன்றுக்கும் இந்தப் படி கட்டாயம். அப்டேட் இறங்கி முடியும்வரை பழைய ஓட்டைகள் திறந்தேதான் இருக்கும். அந்த இடைவெளியில், வெளியிலிருந்து வரும் தட்டல்களைத் தடுத்துக் காவல் நிற்பது ஃபயர்வால்.

'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொட்டெக்‌ஷன்' பாருங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றுமே 'ஆன்' என்று இருக்க வேண்டும். ஏதாவது விளையாட்டையோ பிரிண்டரையோ வேலை செய்ய வைப்பதற்காக யாரோ எப்போதோ அணைத்திருப்பார்கள். திரும்பப் போட மறந்திருப்பார்கள்.

கணினியோடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அதை நீக்கிவிடுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது விண்டோஸின் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும்; அது போனதும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வரும்.

அடுத்தது, வைஃபையில் சேர்ந்ததும் பார்க்க வேண்டிய நெட்வொர்க் வகை. வைஃபை இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பப்ளிக் வைத்தால் உங்கள் கணினி அதே வைஃபையில் உள்ள மற்றவர்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

இங்கே பலரும் தவறாகத் தேர்வு செய்கிறார்கள். வீடு என்றால் பிரைவேட், வெளியே என்றால் பப்ளிக் என்று நினைக்கிறார்கள். நூலகத்தில் சிங்கப்பூரின் இலவசப் பொது வைஃபையான வயர்லெஸ்@எஸ்ஜி பயன்படுத்தும்போது பப்ளிக் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஈசூனிலோ பொங்கோலிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்காரரின் வைஃபையை மற்ற வாடகையாளர்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் அதுவும் பப்ளிக்தான். அடுத்த அறையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய லேப்டாப் எப்போது அப்டேட் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. ரவுட்டர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். ஒரே ரவுட்டருக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பொதுவாகத் தடுக்காது.

4. ரவுட்டர்

இதை விண்டோஸ் அப்டேட்டுக்கு முன்பே முடிப்பது நல்லது. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மாறும்போது வைஃபை சில நிமிடம் அறுந்துபோகும். பாதி இறங்கிய அப்டேட் அதில் மாட்ட வேண்டாம்.

ரவுட்டரின் செயலியைத் திறந்து, ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமையுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல் இன்னும் வாங்கியபோது இருந்ததேதானா என்று பாருங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. 2016இல் பரவிய மிராய் என்ற தீங்கு நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத ரவுட்டர்களையும் கேமராக்களையும் தேடித்தேடிப் பிடித்தது.

வெளியிலிருந்து வருவதை உள்ளே விடும் 'போர்ட் ஃபார்வர்டிங்', 'டிஎம்ஸெட்' அமைப்புகள் இரண்டிலும் உங்களுக்குத் தெரியாத பதிவுகள் இருந்தால் நீக்குங்கள். விளையாட்டு சரியாக ஓடவில்லை என்று பிள்ளைகள் கணினியை டிஎம்ஸெட்டில் போட்டிருப்பது உண்டு. அப்படிப் போட்டால் வெளியிலிருந்து வரும் எல்லாத் தட்டலும் நேரே அந்தக் கணினிக்குப் போகும். ரவுட்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

ரவுட்டர் மிகப் பழையது என்றால் மாற்றிவிடுங்கள். சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் அடிப்படை நிலையையாவது பெற்றிருக்க வேண்டும். பெட்டியில் அந்த முத்திரையைத் தேடி வாங்குங்கள்.

5. இப்போது அப்டேட்

'செட்டிங்ஸ்', 'விண்டோஸ் அப்டேட்', 'செக் ஃபார் அப்டேட்ஸ்'. கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்யாதீர்கள். அந்த இணைப்பு 'மீட்டர்ட்' (டேட்டாவைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியது) என்று குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான அப்டேட்கள் இறங்காமலே நிற்கும். நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டு வைஃபையிலும் தவறுதலாக அந்தக் குறி விழுந்திருக்கலாம், பாருங்கள்.

இறங்கி, நிறுவி, 'ரீஸ்டார்ட்' கேட்கும். இங்கேதான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடியைச் சாத்திவிடுகிறார்கள். மூடியைச் சாத்துவது கணினியைத் தூங்கத்தான் வைக்கும். ஓட்டை உள்ள பழைய கோப்பு நினைவகத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தபிறகுதான் புதிய கோப்பு அந்த இடத்துக்கு வரும். அதற்குமுன் உங்கள் பாதுகாப்பு நேற்று இருந்த நிலையிலேயே இருக்கிறது.

தினமும் 'ஷட் டவுன்' செய்வதால் ரீஸ்டார்ட் தேவையில்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற அமைப்பு இருந்தால் வெறும் ஷட் டவுன் விண்டோஸின் மையப்பகுதியை முழுதாக அணைப்பதில்லை. வட்டில் சேமித்து, மறுநாள் அதையே திரும்ப எழுப்புகிறது. மெனுவில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

திரையில் சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். குறிப்பாகப் பழைய வன்தட்டு உள்ள கணினிகளில் பொறுமையைச் சோதிக்கும். பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். வன்தட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கிறது என்று பொருள். படுக்கப்போகும் முன் தொடங்கிவிட்டால் இந்தச் சோதனை உங்களுக்கு இல்லை.

எழுந்துவந்ததும் திரும்ப 'செக் ஃபார் அப்டேட்ஸ்'. ஆமாம், இன்னொரு முறை. சில அப்டேட்கள் வேறொன்று நிறுவப்பட்ட பின்னரே கண்ணில் படும். நீண்ட நாள் தூங்கிய கணினியில் இந்தச் சுற்று பலமுறை வரும். தேடினால் எதுவும் இல்லை என்றும், ரீஸ்டார்ட் பாக்கி இல்லை என்றும் ஒரே நேரத்தில் சொல்லும்வரை தொடருங்கள். பிறகு 'அப்டேட் ஹிஸ்டரி'யில் 'ஃபெயில்டு' என்று எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

இந்தச் சுற்றுகள் முடியும்வரை வங்கிக் கணக்கைத் திறக்கவோ, சிங்பாஸில் நுழையவோ, நண்பரின் யூஎஸ்பியைச் சொருகவோ வேண்டாம். 2008இல் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு நெட்வொர்க் வழியாக மட்டும் அல்ல, யூஎஸ்பி வழியாகவும் பரவியது.

உலாவியில் திடீரென்று தோன்றி "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தவும்" என்று சொல்வது எதுவும் அப்டேட் அல்ல. "உங்கள் கணினியிலிருந்து வைரஸ் பரவுகிறது, நாங்கள் சரிசெய்கிறோம்" என்று தொலைபேசியில் அழைப்பவரும் உதவிக்காரர் அல்ல. விண்டோஸ் அப்டேட்டுக்கு ஒரே வாசல் 'செட்டிங்ஸ்'. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள்.

6. அப்டேட் சிக்கிக்கொண்டால்

முதலில் தேதியைப் பாருங்கள். கேட்டால் சிரிப்பு வரும். பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறென்றால் மைக்ரோசாஃப்ட் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்பாது; இணைப்பே கிடைக்காது. நேர மண்டலத்தை 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று வைத்து 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

பிழை எண் 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

வேறு எண்கள் வந்தால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'டிரபிள்ஷூட்' பகுதியில் விண்டோஸ் அப்டேட்டுக்கான கருவியை ஓட்டுங்கள். பிழை எண்ணை இணையத்தில் தேடி, முன்பின் தெரியாத தளத்திலிருந்து 'ஃபிக்ஸர்' இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஓட்டையை அடைக்கப் போய்த் திருடனை அழைத்துவந்த கதையாகிவிடும்.

7. இனித் தானாக நடக்கட்டும்

மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்கக் காலை சிங்கப்பூரில் நமக்குப் புதன் பின்னிரவு 1 மணியோ 2 மணியோ ஆகும். நாட்காட்டியில் 'இரண்டாம் புதன்' என்று போட்டுவைக்காதீர்கள். மாதம் புதன்கிழமையில் தொடங்கினால் இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த நாள் மூன்றாம் புதனாகிவிடும். செவ்வாயை எண்ணி, அதற்கு மறுநாள் என்று குறியுங்கள்.

'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனதற்காக அப்டேட்டையே நிறுத்திவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் மாற்றியிருக்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

'பாஸ் அப்டேட்ஸ்' ஐந்து வாரம்வரை தள்ளிப்போட விடும். அவ்வளவு தள்ளலாமா? 2003இல் பிளாஸ்டர் என்ற புழு பயன்படுத்திய ஓட்டைக்கு ஜூலை 16இல் அப்டேட் வந்தது. புழு ஆகஸ்ட் 11இல் வந்தது. 2004இல் சாஸர் புழுவின் ஓட்டைக்கு ஏப்ரல் 13இல் அப்டேட், ஏப்ரல் 30இல் புழு. இடையே 17 நாள். வானாக்ரைக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. மூன்று முறையும் மருந்து முதலில் வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். புதிய அப்டேட்டில் கோளாறு இருக்குமோ என்று அஞ்சுபவர்கள் ஒரு வாரம் பொறுக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

8. தேவையில்லாத சேவைகளை அணைத்தல்

'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். வானாக்ரை நுழைந்தது அந்தப் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டையில்தான். மிகப் பழைய பிரிண்டரோ சேமிப்புப் பெட்டியோ இதனால் வேலை செய்யாமல் போனால், அந்தச் சாதனத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள், வேறிடத்திலிருந்து கணினியை இயக்க விடும் 'ரிமோட் டெஸ்க்டாப்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் பதிப்பில் அந்தக் கவலை இல்லை.

9. வீட்டில் உள்ள மற்ற சாதனங்கள்

மேக்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சாஃப்ட்வேர் அப்டேட்'. தானியங்கி அப்டேட்டில் எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள்.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்திலும் அலுவலக லேப்டாப்பிலும் அமைப்புகளை நீங்களாக மாற்றாதீர்கள்; அவற்றை நிர்வகிப்பவர்கள் வேறு. ரீஸ்டார்ட் கேட்டால் உடனே செய்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

தாத்தா தொடர் பார்க்கும் பழைய விண்டோஸ் 10 கணினியைத் தூக்கிப்போட மனம் வரவில்லையா? ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் சேருங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் பக்கம் உள்ள சாதனத்தால் வீட்டின் மற்ற கணினிகளைத் தொட முடியாது. வங்கி வேலைகளை அதில் செய்ய வேண்டாம். அவருக்குக் கைத்தொலைபேசி அப்டேட்டிலேயே உதவி வேண்டும் என்றால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் உதவி மையங்களில் மின்னிலக்கத் தூதர்கள் நிதானமாகச் சொல்லித்தருவார்கள்.

10. புழு ஏற்கெனவே நுழைந்திருந்தால்

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். சுத்தம் செய்வது பிறகு. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது வீட்டின் மற்ற கணினிகளைத் தட்டிக்கொண்டிருக்கும்.

'விண்டோஸ் செக்யூரிட்டி'யின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே இது தேடுவதால் புழுவால் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. கால் மணி நேரம் ஆகும். முக்கியக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள், பாதிக்கப்பட்ட கணினியில் அல்ல. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்செர்ட் பிரிவிடம் தெரிவிக்கலாம்.

சுத்தமான கணினியை அப்படியே திரும்ப வைஃபையில் சேர்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. ஓட்டை அங்கேயே இருக்கிறது. வீட்டில் இன்னொரு கணினியிலும் புழு இருந்தால் அன்றே திரும்ப வரும். மற்ற எல்லாக் கணினிகளையும் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் சேர்த்து, மூன்றாம் படியிலிருந்து தொடங்கி முழுதாக அப்டேட் செய்து முடித்தபின் அடுத்ததைச் சேருங்கள்.

கடையில் கொடுத்துச் சுத்தம் செய்திருந்தால், பணம் கட்டும் முன் 'அப்டேட் ஹிஸ்டரி' பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசித் தேதி இந்த மாதத்தை ஒட்டி இல்லாவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.